அட்டைக்கும் கட்டிலுக்கும் நடுவே

சிறுநகர ஏழைகளும் மருத்துவக் காப்பீடும் சமூகப்பணியும்
திட்டக்குடி அறக்கட்டளைச் சொற்பொழிவு



1. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு

வெள்ளாற்றின் கரையூரான திட்டக்குடியில் சிவனுக்கு வைத்தியநாதர் என்று பெயர். அம்பாள் அசனாம்பிகை. பெயரிலேயே வைத்தியத்தை வைத்திருக்கும் சாமியிடம் நோய் தீர வேண்டிக்கொள்வதும், வேண்டிக்கொண்ட கையோடு அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்க வரிசையில் நிற்பதும் இங்கே சேர்ந்தே நடக்கும் காரியங்கள். காய்ச்சல், சளி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்றால் பெரும்பாலும் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளலாம். "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழையும்போதுதான் அந்த வீட்டின் கணக்கு தலைகீழாகிறது.

பெரிய ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? விருத்தாசலம் சுமார் 30 கிலோமீட்டர். மாவட்டத் தலைநகரான கடலூர் விருத்தாசலம் வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்து அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்டது. ஆற்றுக்கு அப்பால், அரியலூரில் 2022 ஜனவரி 12 அன்று ஓர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆக, தூரத்தில் என்றாலும் மருத்துவம் இருக்கிறது. காசில்லாதவருக்காகச் செலவை ஏற்கும் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. இரண்டும் இருந்தும் நோயாளி கட்டில் வரை போய்ச் சேராமல் நடுவழியில் நின்றுவிடுவது ஏன் என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

நகர்ப்புற ஏழை என்றதும் கண்முன் வருவது சென்னையின் கூவக்கரையும் மும்பையின் தாராவியும். பேருந்து நிலையத்தில் மூட்டை இறக்குபவர், காலை நாலு மணிக்குத் தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளர், தள்ளுவண்டியில் இட்லி விற்கும் பெண், ஓட்டலில் பாத்திரம் தேய்ப்பவர், சித்தாள், கொத்தனார், பீடி சுற்றுபவர் என்று சிறிய ஊர்களிலும் அதே ஏழைகள் இருக்கிறார்கள். திட்டக்குடி 2021இல் பேரூராட்சி நிலையிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. ஆனால் 2013இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம், 50,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களையும் மாவட்டத் தலைநகரங்களையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. அந்த அளவை எட்டாத ஊர்கள் ஊரகச் சுகாதாரக் கணக்கிலேயே தொடரும் என்பது அதன் ஏற்பாடு. வரி கட்டும்போது நகரம், மருந்து வாங்கும்போது கிராமம் என்ற இந்த நிலை தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கு உண்டு. அதனால்தான் இந்த விஷயத்தைத் திட்டக்குடியில் நின்று பேசுவது பொருத்தம்.

2. திருமுக்கூடல் கல்வெட்டு காட்டும் பட்டியல்

அறக்கட்டளை என்ற ஏற்பாடு தமிழருக்குப் புதிதன்று. கோயில் விளக்கு அணையாமல் எரிய ஆடுகளைக் கொடுத்து, அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டிவைத்த நாடு இது. மந்தை குறையாமல் பெருகிக்கொண்டே இருக்கும், அதன் நெய்யில் விளக்கு எரியும். முதலைத் தொடாமல் வட்டியில் தருமம் நடத்தும் இன்றைய அறக்கட்டளைக்கும் அதுவே இலக்கணம்.

அப்படி ஒரு கட்டளையில் மருத்துவமனையும் நடந்திருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு 'வீரசோழன்' என்ற ஆதுலசாலையைப் பற்றிச் சொல்கிறது. ஆதுலர் என்றால் நோயாளர். அங்கே 15 படுக்கைகள். அந்த 15 பேருக்காக யார் யாரை நியமித்தார்கள் என்பதைக் கல்வெட்டு ஒவ்வொன்றாக எழுதிவைத்திருக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர். மருந்துச் செடி பறித்துவரவும் விறகு கொண்டுவரவும் இருவர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் மருந்து காய்ச்சவும் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர். இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய்கூடக் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசும் இவ்வளவு என்று வரையறுத்திருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் வைத்தியம் செய்பவர்கள் இரண்டே பேர். மற்ற அனைவரும் நோயாளிக்கும் வைத்தியத்துக்கும் நடுவில் நிற்பவர்கள். செடி பறித்து வர ஆள் இல்லையென்றால் மருத்துவருக்குத் தெரிந்த மருந்து நோயாளியின் வாய்க்கு வராது என்பது அந்தக் கல்வெட்டை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய மருத்துவக் காப்பீட்டில் அறுவைக்கும் மருந்துக்கும் கட்டிலுக்கும் விலை போட்டிருக்கிறார்கள். நடுவில் நிற்கும் ஆளுக்கு மட்டும் போதிய இடம் வைக்கவில்லை.

3. காப்பீடு ஏழையைத் தேடி வந்த வழி

நோய்க்கு முன்கூட்டியே பணம் சேர்த்துவைக்கும் சட்டபூர்வமான ஏற்பாட்டை 1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்தார். அது ஆலைத் தொழிலாளருக்கானது. இந்தியாவில் 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் வந்தது. மக்கள் வாயில் அது 'ஈ.எஸ்.ஐ.'. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கட்டும் பணத்தில் மருத்துவமும், நோயில் படுத்த நாட்களுக்கு ஊதியத்தில் 70 விழுக்காடும் கிடைக்கும். ஓராண்டில் 91 நாட்கள் வரை இந்த உதவி உண்டு. சம்பளச் சீட்டு உள்ளவருக்கு இது நல்ல குடை. மூட்டை தூக்குபவருக்குச் சம்பளச் சீட்டு ஏது?

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒருவர் விடை தேடினார். சென்னையில் மருத்துவப் பேராசிரியராக இருந்த கே.எஸ். சஞ்சீவி 1958இல் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அடையாறு, தரமணிப் பக்கத்தில் 'வி.எச்.எஸ்.' என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். அவர் வகுத்த மருத்துவ உதவித் திட்டத்தில் ஒரு குடும்பம் ஆண்டுக்கொரு முறை சந்தா கட்டும். வருமானத்துக்கு ஏற்ற சந்தா. மிக ஏழைக் குடும்பத்துக்கு அது பெயரளவுக்கான ஒரு சிறு தொகை. கட்டியவர்களுக்கு ஆண்டுப் பரிசோதனையும் சலுகையில் சிகிச்சையும் கிடைத்தன. ஏழை கையேந்தி நிற்கக் கூடாது, தன்னால் முடிந்ததைக் கட்டி உரிமையோடு வர வேண்டும் என்பது சஞ்சீவியின் பிடிவாதம். மருத்துவமனையோடு அவர் நின்றுவிடவில்லை. சுற்றியுள்ள கிராமங்களில் சிறு சுகாதார மையங்களை நிறுவி, அந்தந்த ஊர்க்காரர்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார். காப்பீடும் களப்பணியும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகளாக அவரிடம் இருந்தன.

நீலகிரி கூடலூரில் அந்தக் கயிறு இன்னும் இறுக்கமாக முறுக்கப்பட்டது. 1980களின் நடுவில் தொடங்கிய அக்கார்டு என்ற அமைப்பு, ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தோடு சேர்ந்து முதலில் நில உரிமைக்காக வேலை செய்தது. பிறகு ரூபா, நாராயணன் தேவதாசன் என்ற மருத்துவ இணையர் வந்து ஊர் ஊராகச் சுகாதாரப் பணியைக் கட்டினார்கள். 1990இல் அஸ்வினி என்ற மருத்துவ அமைப்பு உருவானது. 1992இல்தான் காப்பீடு வந்தது. சங்கம், ஊர்ப் பணியாளர், மருத்துவமனை, காப்பீடு என்ற இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். காட்டுக்குள் இருக்கும் குடும்பத்திடம் சந்தா வாங்கியவரும், நோய் வந்தபோது கூட்டிக்கொண்டு வந்தவரும் அந்த மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவர்கள்.

அதே 1992இல் அகமதாபாத்தில், இலா பட் 1972இல் நிறுவிய சேவா பெண் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு 'விமோ சேவா' என்ற காப்பீட்டைத் தொடங்கியது. காய்கறி விற்பவர், குப்பை பொறுக்குபவர், வீட்டில் பீடி சுற்றுபவர் என்று நகரத்து ஏழைப் பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். மருத்துவமனைச் சீட்டையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருந்து உரிய நாளில் கொடுப்பதே அவர்களில் பலருக்குப் பெரிய மலை. அந்த மலையைத் தாண்டிவைக்கச் சங்கத்திலிருந்தே பெண்கள் உடன் நிற்க வேண்டியிருந்தது.

இதன் பிறகு அரசுகள் களமிறங்கின. கர்நாடகத்தில் கூட்டுறவு விவசாயிகளுக்காக 2003இல் யசஸ்வினி, ஆந்திரத்தில் 2007இல் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ. தமிழ்நாட்டில் 2009 ஜூலை 23 அன்று உயிர்காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய், சில சிகிச்சைகளுக்கு 1.5 லட்சம் என்று தொடங்கிய அதில் 1,016 சிகிச்சை முறைகள் இடம்பெற்றிருந்தன. 2018 செப்டம்பர் 23இல் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபின் காப்புத் தொகை 5 லட்சமானது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022இல் 1,20,000 ஆயிற்று. சந்தாவைக் குடும்பங்களுக்காக அரசே கட்டுகிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதன் கீழ் வருகின்றன. 2024 அக்டோபர் முதல் 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமானம் பாராமல் மத்தியத் திட்டம் திறந்துவிடப்பட்டது.

இது சிறிய சாதனை அன்று. தேசியச் சுகாதாரக் கணக்குகளின்படி, இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுத்தது 2013-14இல் 64.2 விழுக்காடு. 2021-22இல் அது 39.4 விழுக்காடாக இறங்கியிருக்கிறது. கட்டணம் கேட்டாலே தலைசுற்றும் இதய அறுவை கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நடக்கிறது. காது கேளாமல் பிறந்த குழந்தைக்குச் செவிச்சுருள் கருவி பொருத்தப்படுகிறது. அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் சேர்ந்திருப்பதால், அங்கே நடக்கும் சிகிச்சைக்கான காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே வந்து சேர்கிறது. சுருங்கச் சொன்னால், பணம் என்ற பூட்டு பெருமளவு திறந்தாகிவிட்டது.

4. பெயரில் ஓர் எழுத்து

பூட்டு திறந்த பிறகும் கதவு திறக்காத இடங்களைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

காப்பீட்டு அட்டை வாங்க வேண்டியவை மூன்று: குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று. கேட்க எளிது. தனியாக நின்று இதைச் செய்துமுடிக்கும் பெண்ணை நினைத்துப் பார்க்கலாம். சித்தாள் வேலைக்குப் போகிறவர், வயது நாற்பது, கருப்பையில் கட்டி. வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டைக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும், அல்லது சிறப்பு முகாம் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி.

அதன்பிறகுதான் பெயர் வருகிறது. ஆதாரில் அப்பா பெயரின் முன்னெழுத்து, குடும்ப அட்டையில் கணவர் பெயரின் முன்னெழுத்து. ஒன்றில் ஒற்றெழுத்து கூடுதல், ஒன்றில் குறைவு. கணினிக்கு இருவரும் வெவ்வேறு ஆட்கள். இதைவிடச் சிக்கல், புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு. தாய்வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து பெயரை எடுத்தாயிற்று, புகுந்த வீட்டு அட்டையில் இன்னும் சேர்க்கவில்லை. இடைப்பட்ட அந்த ஆறு மாதமோ ஓராண்டோ அவர் எந்தக் குடும்பத்திலும் இல்லாதவர். முதல் பிரசவமும் அதன் சிக்கல்களும் பெரும்பாலும் அதே காலத்தில்தான் வருகின்றன.

வருமான வரம்பையும் ஒரு கொத்தனாரின் நாளோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000. நாள் கூலி 800 என்று வைத்துக்கொண்டால், மாதத்தில் பன்னிரண்டு நாள் வேலை கிடைத்தவர் 9,600 ரூபாயோடு வரம்புக்குள் இருக்கிறார். இன்னும் ஒரு நாள் வேலை கிடைத்தால் 10,400, வரம்புக்கு வெளியே. மழைக்காலத்தில் ஏழை, சித்திரையில் இல்லை. உண்மையில் ஆண்டு முழுவதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தால் அவர் தகுதியானவரே. ஆனால் "தினம் எண்ணூறு வாங்குறீங்களே" என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் அவருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. வேலையில்லாத நாட்களை எண்ணிச் சொல்ல ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

குடும்ப அட்டையே இல்லாதவர்கள் நிலை இன்னும் கடினம். பேருந்து நிலையத் திண்ணையில் படுப்பவர், குடும்பத்தை விட்டு வந்த முதியவர், வெளிமாநிலத்திலிருந்து வந்து ஓட்டலில் வேலை பார்க்கும் இளைஞர். ஆதரவற்றோருக்கும், முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கும், இங்கேயே தங்கி உழைக்கும் வெளிமாநிலத்தவருக்கும் திட்டத்தில் இடம் இருக்கிறது. இருப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லி, கடிதம் வாங்கிக் கொடுத்து, வரிசையில் உடன் நிற்க ஆள் வேண்டியிருக்கிறது.

5. மூட்டை தூக்கிய கை

அட்டை கைக்கு வந்த பிறகு நடப்பதையும் பார்க்கலாம். சிறுநீரகம் செயலிழந்த ஒரு சுமைத்தொழிலாளிக்கு டயாலிசிஸ் வேண்டும். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். சிகிச்சைக்கான செலவைக் காப்பீடு ஏற்கிறது. அந்த வகையில் அவர் கவலையில்லாதவர்.

டயாலிசிஸுக்கு முன் கையில் ஒரு சிறு அறுவை செய்து, தமனியையும் சிரையையும் இணைப்பார்கள். 'ஃபிஸ்டுலா' என்று பெயர். தொட்டுப் பார்த்தால் தோலுக்கடியில் ரத்தம் அதிர்ந்து ஓடுவது விரலுக்குத் தெரியும். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அவர் செய்து வந்ததோ பாரம் தூக்கும் தொழில். அந்த அறுவை நடக்கும் நாளிலேயே அவர் தொழில் முடிந்துபோகிறது. இதைச் சொல்லும் வரி காப்பீட்டு விண்ணப்பத்தில் எங்கும் இல்லை.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். அவர் மாதம் 7,000, மனைவி வீட்டு வேலையில் 3,000 என்று ஆண்டுக்குச் சரியாக 1,20,000 சம்பாதித்த குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 84,000 போயிற்று. வாரம் மூன்று நாள் துணைக்குப் போவதால் மனைவியின் வருமானத்தில் பாதி, 18,000, போயிற்று. மிஞ்சுவது ஆண்டுக்கு 18,000. வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 பயணம். பேருந்தில் போய்வர ஆளுக்கு 60 ரூபாய் என்றால் இருவருக்கும் சேர்த்து 18,720. மிச்சமிருக்கும் மொத்த வருமானமும் பேருந்துக் கட்டணத்துக்கே போதவில்லை. அரிசிக்கும் வாடகைக்கும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் எங்கே போவது? 2021 மே மாதம் முதல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது பெரிய உதவிதான். ஆனால் அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு உரியது, வெளியூர்ப் பேருந்தில் செல்லாது. இப்படித்தான் வாரம் மூன்று என்பது இரண்டாகிறது, இரண்டு ஒன்றாகிறது. மருத்துவமனைக் கோப்பில் 'நோயாளி சிகிச்சைக்கு வரவில்லை' என்ற ஒரு வரி மட்டும் பதிவாகும்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் என்னென்ன செய்ய முடியும்? டயாலிசிஸ் செய்துகொள்ளப் போகும் சிறுநீரக நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. மருத்துவமனையில் படிவம் கையெழுத்தாக வேண்டும். திட்டக்குடிக்கு அருகே பெண்ணாடத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. ரயில் நேரத்துக்கு ஏற்ப டயாலிசிஸ் முறையை மாற்றித் தரும்படி மருத்துவமனையில் பேசலாம். தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பெயர் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே தமிழ்நாட்டில் பல நல வாரியங்கள் இருக்கின்றன, பிள்ளைகளின் படிப்புக்கு அங்கே உதவி உண்டு. உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை ஒன்றை, சீட்டுக் கிழிப்பதோ கடையில் கணக்குப் பார்ப்பதோ, ஊரில் நாலு பேரிடம் கேட்கலாம். மருத்துவரால் இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது. அவர் முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள். இது ஒரு தனித் தொழில். அதற்குத்தான் சமூகப்பணி என்று பெயர்.

6. லண்டனில் போட்ட நாற்காலி

மருத்துவமனைக்குள் சமூகப்பணியாளர் முதலில் எப்படி வந்தார் என்பது இந்த விஷயத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது. 1895இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்பவரை நியமித்தார்கள். அவருக்குக் கொடுத்த வேலை, காசு கொடுக்க வசதி உள்ளவர்கள் இலவச சிகிச்சைக்குள் நுழைந்துவிடுகிறார்களா என்று சோதிப்பது. நோயாளிகளின் வீட்டு நிலவரத்தை விசாரிக்க உட்கார்ந்தவருக்கு, எழுதிக் கொடுத்த சத்துணவை வாங்க வழியில்லாதவர்களும், எங்கே போய் உதவி கேட்பது என்று அறியாதவர்களும் கண்ணில் பட்டார்கள். வடிகட்ட வைத்த ஆள் வழிகாட்டும் ஆளாக மாறினார். 1905இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மருத்துவர் ரிச்சர்ட் கேபட், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சமூகப்பணியாளரை அமர்த்தினார். நோயாளி எப்படி வாழ்கிறார் என்று தெரியாமல் எழுதும் மருந்து பாதி வீண் என்பது அவர் அனுபவம்.

இந்தியாவில் 1946இல் வெளியான போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழுவின் அறிக்கை, பணம் இல்லை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்றது. அதே 1946இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவச் சமூகப்பணியாளர் நியமிக்கப்பட்டார். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று தமிழ்நாட்டின் பல கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் சமூகப்பணி முதுகலை முடித்தவர்கள் வெளியே வருகிறார்கள். படித்தவர்கள் இருக்கிறார்கள், தேவை இருக்கிறது. வட்ட மருத்துவமனையில் அவர்களுக்கான நாற்காலிதான் இல்லை.

காப்பீட்டுத் திட்டத்துக்கு இலவசத் தொலைபேசி எண் உண்டு. பெரிய மருத்துவமனைகளில் காப்பீட்டுப் பிரிவும், அட்டையைச் சரிபார்த்து ஒப்புதல் வாங்கித்தரும் ஊழியர்களும் இருக்கிறார்கள். அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அவர்களின் வேலை, மருத்துவமனை வாசலுக்கு வந்துவிட்ட நோயாளியிடமிருந்து தொடங்குகிறது. வாசலுக்கு வராதவரும், வீட்டுக்குத் திரும்பிப் போனவரும் எவர் கணக்கிலும் இல்லை.

நோயாளிக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் ஓர் ஆளை நிறுத்தத் தமிழ்நாட்டால் முடியுமா என்ற ஐயம் வேண்டியதில்லை. ஏற்கெனவே இரண்டு முறை செய்து காட்டியிருக்கிறது.

முதலாவது, எச்.ஐ.வி. இந்தியாவில் அத்தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அந்த நோயில் மருந்தைவிட முன்னால் வர வேண்டியது பேச்சு என்று உணர்ந்து, அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' அமைத்தார்கள். ஒரு சிறிய அறை, கதவு சாத்தக்கூடிய அறை, உள்ளே பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர். ஊரே ஒதுக்கிவைத்த மனிதர் அந்த அறையில் உட்கார்ந்து அழ முடிந்தது, கேள்வி கேட்க முடிந்தது, மருந்து எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள முடிந்தது. சிறிய ஊர்களின் மருத்துவமனைகள் வரை அந்த நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டது இதே அரசு இயந்திரம்தான்.

இரண்டாவது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை முன்பும் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைத்தது. மாதாமாதம் போய் வாங்க முடியாததால் பலர் பாதியில் விட்டார்கள். சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார்கள். மாத்திரை அதே மாத்திரைதான், நடக்கும் ஆள் மாறினார்.

7. திட்டக்குடியிலிருந்து ஒரு கோரிக்கை

இச்சொற்பொழிவு முன்வைக்கும் கோரிக்கை ஒன்றே. ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் சமூகப்பணி படித்த ஒருவருக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும். காப்பீட்டில் சிகிச்சைக்கு விலை குறித்ததுபோல் உடன் வருபவருக்கும் பயணத்துக்கும் ஒரு தொகை குறிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகள் ஈட்டும் காப்பீட்டுப் பணத்திலிருந்தே இந்த ஊதியத்துக்கு வழி காணலாம். நடுவழியில் நின்றுபோகும் நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தால் அந்த வருவாயும் கூடும்.

அரசாணை வரும் வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. நகராட்சி தன் வார்டுகளில் அட்டை இல்லாத குடும்பங்கள் எத்தனை என்று ஒருமுறை எண்ணிவிடலாம். பெயர் திருத்தத்துக்கும் வருமானச் சான்றுக்கும் மாதம் ஒரு சனிக்கிழமையைக் குறித்து, வருவாய்த் துறையையும் இ-சேவையையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்கலாம். சமூகப்பணி மாணவர்களின் களப்பயிற்சிக்குச் சென்னையும் புதுச்சேரியும் மட்டும் போதாது, அவர்களில் இருவரைத் திட்டக்குடிக்கு அனுப்பச் சொல்லி கல்லூரிகளைக் கேட்கலாம். சுய உதவிக் குழுப் பெண்களுக்கு இந்த ஊரின் ஒவ்வொரு சந்தும் தெரியும், அவர்கள் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியவரும். சாவா மூவாப் பேராட்டின் வழியில் வந்த அறக்கட்டளைகள் தம் வட்டியில் ஒரு பகுதியை டயாலிசிஸுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் போய்வருபவர்களின் பயணச் செலவுக்கு ஒதுக்கலாம். மேலே போட்ட கணக்கின்படி, 18,720 ரூபாய் இருந்தால் ஒரு தம்பதியின் ஓராண்டுப் பயணம் நின்றுபோகாது.

அப்படி ஓர் இடம் அமைந்த நாளை நினைத்துப் பார்க்கலாம். புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் குடம். சுவரில் விருத்தாசலம், கடலூர், சிதம்பரம், அரியலூர் பேருந்துகளின் நேரமும், பெண்ணாடம் ரயில்களின் நேரமும் பெரிய எழுத்தில். மேசைமேல் நீளமான கணக்கு நோட்டு ஒன்று. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒருவர் வெளியே வருகிறார், சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மேசைக்குப் பின்னால் இருப்பவர் எழுந்து, "உட்காருங்கம்மா. கூட யார் வந்திருக்காங்க? காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார். பிறகு நோட்டைத் திறந்து பெயர், தெரு, வேலை, அட்டை உண்டா இல்லையா, வீட்டில் யார் யார் என்று எழுதுகிறார். கடைசிப் பத்தியில், அந்த அம்மா சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின் தான் போய்ப் பார்க்க வேண்டிய தேதியையும் குறித்துக்கொள்கிறார்.